ஊதச் சொல்வதற்கு முன்னால் உட்காரச் சொல்லுங்கள்

கடலூர் சிப்காட்டில் உள்ள எங்கள் ரசாயன ஆலையின் நிர்வாகத்துக்கும், பாதுகாப்புக் குழுவுக்கும், எங்கள் சங்கத்துக்கும்,

வணக்கம். வேலையில் ஒருவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் அவரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதம். என் பேரையும் ஆலையின் பேரையும் போடாமல் எழுதுகிறேன். இது எந்த ஆலை, எழுதியது யார் என்று உங்களுக்கு அடுத்த பத்தியிலேயே தெரிந்துவிடும், அது போதும்.

போன மாதம் சி ஷிப்ட், ராத்திரி ஒன்றரை மணி. ரியாக்டர் மாடியில் டிரம் உருட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் தம்பி ஒருவர் தள்ளாடினார். கேட்டதற்கு வாய் குழறியது, சட்டை முழுக்க வேர்வை. ‘மப்புல இருக்கான்’ என்று முதலில் யார் சொன்னது என்று தெரியாது, ஆனால் சொன்ன அடுத்த நிமிடமே அது தீர்ப்பாகிவிட்டது. செக்யூரிட்டி வந்து வாய்கிட்ட மூக்கை வைத்து மோந்து பார்த்தார் (நாள் முழுக்க ஹான்ஸ் அடக்கியிருக்கிறவர், அவர் மூக்குக்கு என்ன தெரியும்?). பாஸைப் பிடுங்கிக்கொண்டு, பைக் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். அனுப்பிவிட்டோம் என்றுதான் எழுதுகிறேன், நானும் அங்கேதான் நின்றேன். குடித்திருக்கிறார் என்று நாமே முடிவு கட்டிய ஆளிடம் நாமே வண்டிச் சாவியைக் கொடுத்து, நடுராத்திரி சிதம்பரம் ரோட்டில் விட்டிருக்கிறோம் என்பது எனக்கே மறுநாள்தான் உறைத்தது. நல்லவேளையாக வண்டியை எடுக்க முடியாமல் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் வீட்டில் சுகர் ஆள் இருக்கிறார் போல, பார்த்ததும் புரிந்துகொண்டு சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் ஆள் தெளிந்துவிட்டார். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஷிப்ட்டுக்கு வந்திருக்கிறார், சுகர் இருப்பதைச் சொன்னால் கான்ட்ராக்டர் கழட்டிவிடுவார் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது இன்னொரு கதை, இது எனக்கு எழுதக் கஷ்டமானது. நம்மிடம் ஒரு அண்ணன் இருந்தார், பெர்மனென்ட், எல்லோருக்கும் வேண்டியவர். பி ஷிப்ட்டுக்கு வருவதற்கு முன்னால் ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை வரைக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் வருவார், புதுச்சேரி எல்லை பக்கத்தில் இருப்பது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அவரை ரெஸ்ட் ரூமில் படுக்க வைத்துவிட்டு அவருடைய லாக் ஷீட்டில் மணிக்கு மணி ரீடிங் எழுதியது நான். சில நாள் மேலே ஏறிப் பார்த்து எழுதினேன், சில நாள் போன மணி நேரத்து டெம்பரேச்சரில் ஒன்றைக் கூட்டி எழுதினேன். பொண்ணு கல்யாணம் வருது, பாவம், என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினோம். அந்த மாடியில் ஏதாவது ஆகியிருந்தால் பக்கத்தில் இருக்கிற குடிகாடு ஊர்க்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? தம்பியை மூன்று நிமிடத்தில் வெளியே தள்ளிய அதே ஆட்கள்தான் அண்ணனை ஒரு வருடம் போர்வை போட்டு மூடினோம். ரெண்டு பேரையும் யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நிர்வாகத்துக்கு ஒரு கேள்வி. ஸ்கூட்டர் ஓட்டுகிறவனுக்குக்கூடச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதைத் தாண்டினால் 10,000 ரூபாய் அபராதம். ரியாக்டர் ஓட்டுகிற இடத்தில் நம்மிடம் இருக்கிற கணக்கு செக்யூரிட்டியின் மூக்கு. நான் குவார்ட்டர் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 180 மில்லி, பாட்டிலில் போட்டிருக்கிற 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்கு, 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் அளவில்தான் அதை இறக்குகிறது. அப்படியென்றால் டாஸ்மாக் மூடுகிற பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு ஏ ஷிப்ட்டுக்கு வருகிறவர் உடம்பிலும் காலை ஆறு மணிக்கு மிச்சம் இருக்கலாம். அவர் தள்ளாடவும் மாட்டார், நாறவும் மாட்டார், பொய்யும் சொல்லவில்லை.

அப்புறம் நம் ஆலையில் இருக்கிற ரசாயனங்களையும் யோசியுங்கள். டொலுவீன் ஆவியை இழுத்தவனுக்கும் தலை சுற்றும், பேச்சு குழறும். மெத்தனால் உடம்பில் ஏறினால் முதல் சில மணி நேரம் குடித்தவன் மாதிரியே இருப்பான், கண் மங்குவதெல்லாம் பிறகுதான் வரும். 2023இல் மரக்காணத்துக்குப் பக்கத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் அது என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘மப்பு, தூங்கினா சரியாயிடும்’ என்று ஓரமாகப் படுக்க வைத்தால் ஆள் போய்விடுவான். ஊதுகிற கருவியிலும் பலவற்றுக்கு எத்தனாலையும் (சாராயத்தில் இருக்கிற ஆல்கஹால்) மெத்தனாலையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன். சந்தேகம் வந்தால் முதலில் வேலையை நிறுத்தி ஆளைக் கீழே இறக்கி உட்கார வையுங்கள். நர்ஸ் சுகர் பார்க்கட்டும், பிரஷர் பார்க்கட்டும், எந்த டிரம் பக்கத்தில் நின்றார் என்று கேட்கட்டும். அதற்கப்புறம் ஊதச் சொல்லுங்கள், வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு கால் மணி கழித்து, ரெண்டு பேர் முன்னிலையில். அதில் ஒருவர் அவர் சொல்கிற ஆளாக இருக்கட்டும். என்ன வந்தாலும் கம்பெனி வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். ரிப்போர்ட்டில் ‘குடிபோதை’ என்று சும்மா எழுதிவிடாதீர்கள். வேலையில் அடிபட்டவர் போதையில் இருந்ததுதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால், உயிர் போகாத, நிரந்தரமாக எந்த வேலையும் செய்ய முடியாமல் ஆக்காத காயத்துக்கு முதலாளி இழப்பீடு தரத் தேவையில்லை என்பது 1923ஆம் வருடச் சட்டத்திலிருந்தே இருந்துவருகிறது. மோந்து பார்த்து எழுதின ஒரு வார்த்தையில் ஒருவனுடைய விரலுக்கான காசு போய்விடும்.

சங்கத் தோழர்களே, உங்களிடமும் இருக்கிறது. சார்ஜ் மெமோ வந்தால் ஓடி வருகிறீர்கள், நல்லது. மெமோ வருவதற்கு முன்னால் அந்த அண்ணனிடம் ஒருத்தராவது போய்ப் பேசினோமா? கடைசியில் அவராகவே ஒருநாள் சாமிக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார், மூன்றாம் நாள் கை கால் உதறி வலிப்பு வந்து ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தினமும் குடித்தவர் டாக்டர் துணை இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆகும் என்று அங்கேதான் சொன்னார்கள், அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தானாக வந்து ‘எனக்கு முடியல’ என்று சொல்கிறவருக்கு லீவும் வைத்தியமும் உண்டு, வேலை போகாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்குங்கள். போனஸ் பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க முடியாதா என்ன?

இன்னொன்று, இப்போது கேட்டில் கான்ட்ராக்ட் ஆட்களை மட்டும் வரிசையில் நிறுத்துகிறீர்கள். கண்ணாடி ஏற்றிய காரில் வருகிறவர்களுக்கு சல்யூட். சோதனை என்றால் ஷிப்ட் இன்ஜினியர், மேனேஜர் எல்லோரும் வரிசையில் வரட்டும். அடுத்த பாதுகாப்புக் குழு கூட்டத்தில் இதை எடுப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்றைக்கு எனக்கு ஏ ஷிப்ட்தான், முதலில் ஊதுவதற்கு நான் வருகிறேன், லாக் ஷீட் விஷயத்துக்கு மெமோ கொடுப்பதாக இருந்தாலும் அப்போதே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பிளான்ட் ஆபரேட்டர் ஒருவன்,
கடலூர் முதுநகர்