புதிய பேராசிரியர்களை அவசரப்படுத்தாதீர்கள்

பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கும் பதவி உயர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். சுகாதாரம், மனித வளர்ச்சித் துறைகளில் புதிதாகச் சேரும் பேராசிரியர்களையும் அவர்களது ஆராய்ச்சியையும் பெருமையோடு அறிவிக்கிறீர்கள். குழந்தைகளின் ஊட்டம், தாய்மாரின் மனநலம், முதியோரின் நினைவாற்றல் என்று அந்தத் தலைப்புகளைப் படிக்கவே நிறைவாக இருக்கிறது. ஆனால், சில ஆண்டுகளில் மதிப்பீட்டுக்கு வரும்போது அவர்களிடம் முதலில் கேட்பது, எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள் என்பதைத்தான். களப்பணிக் குழுக்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு குழந்தையின் உயரத்தை அளப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது நிரம்பாத பிள்ளையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி, நகரும் கட்டையைப் பாதத்தில் சேர்த்து அளவைப் பார்ப்பார். பிள்ளை உதைக்கும், வீறிடும், தாய் பதறுவார். நிற்கவைத்து அளந்துவிட்டால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளையை 'வளர்ச்சி குன்றியது' என்று தவறாகக் குறிக்க அந்த வித்தியாசமே போதும். யார் அளந்தாலும் ஒரே அளவு வரும்வரை பணியாளர்களைப் பழக்க வேண்டும். அதற்கும் முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, குடும்பங்களின் சம்மதம் எல்லாம் இருக்கின்றன. இதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும். அச்சில் ஒரு வரிகூட வந்திருக்காது.

ஜமைக்காவில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாராவாரம் போனார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். ஏறத்தாழ 20 ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் அந்த உதவி கிடைக்காதவர்களுடையதைவிட 25 சதவீதம் கூடுதல். அந்த முடிவு வெளியானது 2014இல். மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த ஆய்வை எந்தக் கட்டத்துக்குள் எழுதியிருப்பீர்கள்?

நியூசிலாந்தின் டனீடன் ஆய்வு 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பின்தொடர்கிறது. 45 வயதில் அவர்களது உடல்நலத்தைப் பரிசோதித்தபோது, உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். வெளிநாடுகளில் குடியேறியவர்களைக்கூட விமானச் செலவு கொடுத்து வரவழைக்கிறார்கள். விலாசம் மாறினால் தேடிப்பிடித்து, உறவு விட்டுப்போகாமல் காக்க ஆட்கள் வேண்டும். என்னைக் கேட்டால், இத்துறையின் உயிரே அந்த வேலைதான். ஒப்பந்த ஊழியர்களை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தால் அது நடக்காது.

எண்ணிக்கைக்கு அஞ்சும் புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? ஏற்கெனவே யாரோ திரட்டிய தரவை எடுத்து, ஒன்றை மூன்று கட்டுரையாக்குகிறார்கள். பழைய தரவைப் பயன்படுத்துவது தவறே இல்லை. ஆனால் எல்லோரும் அதையே செய்தால், அடுத்த தலைமுறைக்கான தரவை யார் திரட்டுவது?

எனவே கேட்கிறேன்: ஒழுங்காகத் திரட்டிப் பிறருக்கும் திறந்துவைத்த தரவைக் கட்டுரைக்கு இணையாக மதிப்பிடுங்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதியவரின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். களப்பணியாளர் சம்பளத்தை நிரந்தர நிதியில் சேருங்கள். அப்புறம், ஆய்வு முடிவை அந்தக் குடும்பங்களிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னாரா என்ற கேள்விக்கும் மதிப்பீட்டுப் படிவத்தில் இடம் வையுங்கள். அடுத்த நியமனங்களின் பணி ஆணையிலேயே இவற்றை எழுதிக்கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு களப்பணி ஒருங்கிணைப்பாளர்