குலுக்கலில் வந்த கேள்வியை அமளியில் தொலைக்காதீர்கள்

மக்களவையின் விதிகள் குழுவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். கூட்டத்தொடர் நடக்கிற நாட்களில் காலை 11 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து கேள்வி நேரம் பார்க்கிற ஆள் நான். (வேறு வேலையே இல்லையா என்று வீட்டில் கேட்பது தனிக்கதை.)

ஒரு உறுப்பினர் வாய்மொழியாகப் பதில் வாங்க என்ன பாடுபட வேண்டியிருக்கிறது பாருங்கள். 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அந்த அமைச்சகத்தின் முறை வாரத்தில் ஒரு நாள்தான், அந்த நாளுக்கும் நட்சத்திரக் கேள்விகள் (சபையில் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை) 20தான், அந்த 20இல் இடம்பிடிக்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். சரி, வந்துவிட்டது, நாலாவது இடம் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பார்த்து 11 மணிக்கு அமளி, 11:05க்கு ஒத்திவைப்பு, 12 மணிக்குக் கூடும்போது கேள்வி நேரமே முடிந்துபோயிருக்கும். அவருடைய கேள்விக்கு எழுத்துப்பூர்வ பதிலை மேசையில் வைத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுகிறீர்கள்.

பதில்தான் வந்துவிட்டதே என்பீர்கள். நட்சத்திரக் கேள்வியின் உயிரே கேட்டவருக்குக் கிடைக்கிற இரண்டு துணைக் கேள்விகள்தானே? எழுத்துப் பதிலை அதிகாரிகள் தயார் செய்துவிடலாம். "அப்படியென்றால் இது ஏன் நடக்கவில்லை" என்று திருப்பிக் கேட்கும்போது அமைச்சர்தான் எழுந்து நின்று சொல்லியாக வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் மக்களவையிலிருந்து மட்டும் 10 பேரை நீக்கினீர்கள், நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வியை எழவே விடாமல் செய்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, பதில் சொல்லத் தயங்குகிற அமைச்சருக்கோ லாபம். கத்துகிறவர்கள் எந்தப் பக்கம் என்பது எனக்கு முக்கியமில்லை, சில நாள் குலுக்கலில் பெயர் வந்தவரே பதாகையோடு நடுவில் நிற்கலாம்! மாநிலங்களவை 2014இல் கேள்வி நேரத்தை 12 மணிக்குத் தள்ளிப் பார்த்தது. அமளியும் கூடவே 12 மணிக்கு வந்துவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். அமளியில் போன நாளின் முதல் 5 கேள்விகளை, அதே அமைச்சகம் அடுத்த முறை வரும் நாளில், மறுபடி குலுக்காமல் பட்டியலின் தலையில் வையுங்கள். அடுத்த வாரம் பெயர் வந்தவர்களுக்கு இடம் குறையும், உண்மைதான், அதனால்தான் 20ஐயும் கேட்காமல் 5 என்கிறேன். கேள்வி எப்படியும் திரும்பி வரும் என்றால் சபையை முடக்கி அதைத் தவிர்க்க முடியாது.

விதியைத் திருத்த நாளாகும் என்றால், அதுவரை அந்த உறுப்பினர்கள் தங்கள் இரண்டு துணைக் கேள்விகளையும் எழுதிக் கொடுக்கட்டும், அமைச்சர் ஒரு வாரத்துக்குள் எழுத்திலாவது பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கேள்வி நேரம் பார்க்கும் ஒரு வாக்காளர்