நீ அனுப்பிய நீலச் சேலை

கொலம்பஸ், ஒஹாயோ
1-12-1996

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் கலா எழுதிக்கொள்வது. நான், அவர், பாப்பா எல்லாரும் நலம். நீ, அப்பா, ஆயா, தம்பி, சின்னவள் எல்லாரும் நலமா? உன் கடிதம் கார்த்திகைக்கு மறுநாள் வந்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று ஆயா திண்ணையில் உட்கார்ந்து தபால்காரரைத் தினமும் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. போனில் பேசினால் பாதி நேரம் நீ அழுகிறாய், மீதி நேரம் லைன் இரைகிறது. பூத்துக்காரர் வேறு பக்கத்திலேயே நிற்கிறார் என்கிறாய். அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுகிறேன். ஆயாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படி.

பிறந்தநாளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று கேட்டிருந்தாய். குளித்தேன். இந்தியக் கடைக்குப் போக கார் வேண்டும், அதனால் வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெய்தான். பாயசமும் வைத்தேன். வெல்லத்துக்குப் பதில் இங்கே பழுப்புச் சர்க்கரை என்று ஒன்று பாக்கெட்டில் வருகிறது, பாசிப்பருப்போடு நன்றாகவே சேர்ந்தது. அவர் இரண்டு தம்ளர் குடித்தார். டீச்சர் மகன் கையில் நீ கொடுத்தனுப்பிய நீலச் சேலையைத்தான் கட்டிக்கொண்டேன். அந்த மஞ்சள் கரை இந்த ஊர் வெளிச்சத்தில் இன்னும் எடுப்பாக இருக்கிறது. அந்தச் சேலையால் அன்று நடந்ததைக் கேள்.

என் பிறந்தநாள் இந்த வருஷம் சனிக்கிழமை, 23ஆம் தேதி. அதே நாளில்தான் இங்கே ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும் ஃபுட்பால். தம்பி விளையாடுகிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இரண்டும் கல்லூரி அணிகள்தான், ஆனால் ஊரே அதற்காக இருக்கிறது. ஆற்றோரமாக 1922இல் கட்டிய ஸ்டேடியம், லாட வடிவத்தில். ஆட்டத்தன்று தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் உள்ளே இருப்பார்கள். காற்று எங்கள் குடியிருப்புப் பக்கம் அடித்தால் அந்த இரைச்சல் சமையலறை வரை வரும். இந்த ஊர்க்காரர்களுக்குச் சிவப்பு நிறம். மிச்சிகனுக்கு நீலமும் மஞ்சளும்.

இப்போது புரிகிறதா அம்மா? கொலம்பஸ் ஊரே சிவப்பாக இருந்த அன்று, நான் நீலச் சேலையில் மஞ்சள் கரையோடு நின்றேன்.

காலையில் அவர் எங்களை பேண்ட் வாத்தியக்காரர்கள் ஸ்டேடியத்துக்கு அணிவகுத்துப் போகிற வழிக்குக் கூட்டிப்போனார். எல்லாம் பித்தளை ஊதுகருவிகளும் முரசும்தான். மைதானத்துக்குள் போனதும் நடந்தபடியே ஒஹாயோ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவார்களாம், 1936இலிருந்து வருகிற வழக்கம். கடைசியில் i என்ற எழுத்துக்குப் புள்ளி வைக்க, பெரிய ஊதுகொம்பைத் தோளில் மாட்டிய ஒரு பையன் துள்ளி வந்து நிற்பானாம். அந்தப் புள்ளிக்காகவே அவன் வருஷக்கணக்காகக் காத்திருப்பான் என்று அவர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவருக்கும் மாணவர் டிக்கெட் இருந்தது. ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்று ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சிகன் ஆட்டம் என்பதால் நல்ல விலை வந்தது. பாப்பாவுக்குத் தலை முதல் கால் வரை மூடுகிற பனிச்சட்டை ஒன்று வாங்கினோம், எனக்கு ஒரு கேக். ஆட்ட நேரத்தில் ஆய்வகத்துக்குப் போகாமல் வீட்டில் எங்களோடுதான் இருந்தார்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். மகன் இங்கே படிக்கிறான், மருமகள் வேலைக்குப் போகிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள மிச்சிகனிலிருந்து வந்திருப்பவர். இந்த ஊரில் மிச்சிகன் என்ற பெயரைக்கூடச் சிலர் சொல்ல மாட்டார்கள், வடக்கே இருக்கிற அந்தக் கல்லூரி என்பார்கள். பாட்டியோ இறந்துபோன கணவருடைய நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவார். கணவர் மிச்சிகன் கல்லூரி இருக்கிற ஆன் ஆர்பரில் படித்தவராம். மருமகள் ஒஹாயோக்காரி. ஆட்ட வாரத்தில் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

ஆட்டம் பார்க்க எல்லாரும் அவர்கள் வீட்டில்தான் கூடினோம். சேலையோடு நான் கதவைத் திறந்து நுழைந்ததும் பாட்டி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். அந்த அறையில் அவர் பக்கம் நின்ற ஒரே ஆள் நான்தான். என் அம்மா பிறந்தநாளுக்கு அனுப்பியது என்றேன். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தை எழுது என்றார், எழுதிவிட்டேன். மருமகள் உடனே தன் சிவப்புச் சால்வையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். பாப்பா தலையில் ஆய்வகத்து நண்பர்கள் கொடுத்த சிவப்புக் குல்லாய். அப்படியே உட்கார்ந்து பார்த்தோம்.

அவர்கள் கொடுத்த தின்பண்டத்தை அவசியம் எழுத வேண்டும். பக்கை என்று இங்கே ஒரு மரம், அதுதான் இந்த மாநிலத்தின் மரம். அதன் விதை பழுப்பாக, ஒரு பக்கம் வெளிறிய வட்டத்தோடு மானின் கண்ணைப் போல இருக்கும். விதையைத் தின்னக் கூடாது, விஷம். ஆனால் அதே உருவத்தில் ஒரு இனிப்பு செய்கிறார்கள். வேர்க்கடலையை, அதுதான் நம் மல்லாட்டையை, வெண்ணெய் போல அரைத்து, சர்க்கரைப் பொடி சேர்த்து உருட்டி, சாக்லேட்டில் முக்கி எடுக்கிறார்கள். மேலே ஒரு வட்டம் மட்டும் முங்காமல் விடுவதுதான் கைப்பக்குவம். வாயில் போட்டதும் நம் கொல்லை மல்லாட்டை வறுபடுகிற வாசனை வந்தது. செஞ்சிப் பக்கத்துப் பெண்ணுக்கு மல்லாட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வறுவல் ஒரு பதம் கூடிப்போயிருந்தது. ஆனாலும் நான்கு தின்றேன்.

தம்பிக்காக ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோ அணி இந்த வருஷம் அதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. போன வருஷமும் இப்படியே தோற்காமல் வந்து மிச்சிகனிடம்தான் தோற்றதாம், அதனால் எல்லார் வயிற்றிலும் புளி கரைத்தது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. அப்படி மூன்று முறை உதைத்து, இடைவேளையில் 9-0 என்று ஒஹாயோ முன்னால் இருந்தது. இடைவேளை முடிந்த கையோடு ஒஹாயோவின் நல்ல ஆட்டக்காரர் ஷான் ஸ்பிரிங்ஸ் கால் வழுக்கி விழுந்தார். அவர் காவல் காத்த மிச்சிகன் ஆள் பந்தோடு ஓடியே போய்விட்டார், 69 கெஜம். அதன் பிறகு ஒஹாயோ ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 13-9, மிச்சிகன் வென்றது. உன் சேலைதான் ஜெயித்தது என்று பாட்டி எல்லார் முன்னிலும் சொன்னார்.

ஆனால் அம்மா, அன்றைய பிறந்தநாளில் எனக்குக் கிடைத்தது இது எதுவும் இல்லை. அந்த வழுக்கி விழுந்த நேரத்தில் அறையே கத்தியது. பாப்பா அழுதாள். உனக்கே தெரியும், முதல் மாதங்களில் அவள் எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் ஒவ்வொரு அழுகைக்கும் பால் கொடுத்துக்கொண்டே இருப்பேன். நீ போனில் வயிற்றுவலி என்பாய், மாமியார் திருஷ்டி என்பார், டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். பாட்டிதான் ஒருநாள் சொன்னார்: அழுத பிறகு பார்க்காதே, அழுவதற்கு முன்னால் பார். அதிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். பசி என்றால் முதலில் கை வாய்க்குப் போகிறது, தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடுகிறாள். தூக்கம் என்றால் புருவம் சிவக்கிறது, காதைப் பிடித்து இழுக்கிறாள், யார் முகத்தையும் பார்க்காமல் எங்கேயோ வெறிக்கிறாள். போதும் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகை வில்லாக வளைக்கிறாள். காலையில் அத்தனை முரசுக்கும் அவள் பயப்படவில்லை, அடிக்கு அடி காலை உதைத்தாள். அவளுக்குச் சத்தம் பயமில்லை. தாளமில்லாமல் பல பேர் ஒன்றாகக் கத்துவதுதான் ஆகவில்லை.

அன்று எல்லாப் பெண்களும் பசி, பால் கொடு என்றார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். புருவம் சிவந்திருந்தது. டிவி வெளிச்சத்திலிருந்து முகத்தை என் தோளில் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். உள்ளறைக்குத் தூக்கிப்போய் விளக்கை அணைத்து, ஆயா பாடுகிற மாதிரி மெதுவாக ஆராரோ பாடினேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். அவள் இருட்டைத்தான் கேட்டிருக்கிறாள். யாரும் சொல்லாமல் அவள் கேட்டதை நான் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா?

உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. உன்னிடம் சொல்ல முடியாமல் அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா, தூளி கட்ட இந்த வீட்டில் ஒரு உத்தரம் கிடையாது. மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அப்படியே செய்கிறேன். ஆனால் உன் பழைய சேலையில் தூளி கட்டி, நீ அடுப்படியிலிருந்தே கயிற்றை இழுத்து ஆட்டினால் எப்படி இருக்கும் என்று நினைக்காத இரவில்லை. மறுநாள் கார்த்திகை. ஜன்னல் ஓரத்தில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். இந்நேரம் தெருவில் பையன்கள் மாவலி சுற்றுவார்கள், மழை மூட்டம் இல்லாவிட்டால் ஆயா மாடியில் நின்று அண்ணாமலைப் பக்கம் கைகூப்புவாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஏப்ரலில் உன்னை வரவழைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். டிக்கெட் விலை கொஞ்சம் இறங்கட்டும் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். கோடையில் வந்தால் உனக்கும் குளிராது.

பகலில் பொழுது போவதற்காக மாடி வீட்டுக் கொரியக் குழந்தையையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கும் துணை. தம்பி பரீட்சைக் கட்டணத்தை மார்கழியில் அனுப்ப வேண்டாமா என்று அப்பா கேட்டிருந்தார். தையில் சேர்த்து அனுப்புகிறோம். அதுவரை கல்லூரியில் தவணை கேட்கச் சொல். வேறு ஒன்றும் இல்லை, பாங்கு விஷயம், கொஞ்சம் நாளாகும்.

சித்தப்பா கிணற்றடி வரப்பை வெட்டிவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றி. உன் மாப்பிள்ளை எனக்கு ஒரு கதை சொன்னார். ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் ஆட்டத்துக்கு முன்னாலேயே சண்டை, எல்லைச் சண்டை. டொலீடோ என்ற ஊர் யாருக்கு என்று 1835இல் இரண்டு பக்கமும் ஆள் திரட்டிக்கொண்டு நின்றார்களாம். ஒருவரும் சாகவில்லை, ஒரு அதிகாரிக்குப் பேனாக்கத்திக் குத்து விழுந்ததோடு சரி. கடைசியில் வாஷிங்டனில் டொலீடோவை ஒஹாயோவுக்குக் கொடுத்து, பதிலுக்கு மிச்சிகனுக்கு வடக்கே ஏரிக்கு அப்பால் பெரிய காட்டுப் பூமியைக் கொடுத்தார்கள். உதவாத நிலம் என்று அழுதவர்களுக்கு அதில் செம்பும் இரும்பும் கிடைத்தன. நம் பங்காளி வரப்புச் சண்டை மாதிரியேதான் அம்மா. அப்பா கோர்ட்டுக்குப் போக வேண்டாம். முதலில் சர்வேயரை வைத்து அளக்கட்டும். அரை செண்ட் போனாலும் போகட்டும், பதிலுக்குக் கிணற்றுக்கு வண்டி போகிற பாதையை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல். வாய்ப்பேச்சு வேண்டாம், பத்திரமாகவே வேண்டும். சித்தி நல்லவள், அவளிடம் நீ பேசு.

ஆயாவின் கண் புரையைத் தை பிறப்பதற்குள் ஜிப்மரில் காட்டு. தம்பி கூடப் போகட்டும். சின்னவளுக்கு வந்த வந்தவாசி வரனை அவசரப்பட்டு முடிக்காதே. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள் என்றே இருக்கட்டும், அவள் திண்டிவனத்தில் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருஷம்தானே, காத்திருக்க மாட்டேன் என்பவர்கள் நமக்கு வேண்டாம். இதை அவளுக்கு முன்னால் படிக்காதே. வசம்பும் கொஞ்சம் ஓமமும் டீச்சர் மகன் அடுத்த முறை வரும்போது கொடுத்தனுப்பு.

மார்கழிப் பட்டத்துக்கு விதை இருக்கிறதா? போன வருஷம் மாதிரி கைச்செலவுக்கு விதை மல்லாட்டையை அப்பா விற்றுவிட வேண்டாம், நான் சொன்னேன் என்று சொல். வெளியில் விதை வாங்கினால் என்ன ரகம் என்றே தெரியாது. நம் டி.எம்.வி. 7 ரகத்தையே போடட்டும்.

பாப்பா போட்டோ இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று மாமியார் வீட்டுக்கு.

உன் அன்பு மகள்
கலா