நீ டியூட்டிக்குத் திரும்பும் முன்

அன்புள்ள கவிதா,

போனில் பேச ஆரம்பித்தால் குட்டி அழுகிறான், இல்லையென்றால் அப்பா கூப்பிடுகிறார், அதனால் எழுதியே அனுப்புகிறேன். அவன் தூங்குகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படி. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல், பிள்ளைக்கு ஆள் தேடுவது உன் ஒருத்தியின் வேலை இல்லை.

உன் 26 வாரப் பேறுகால லீவு முடியப்போகிறது. நீ மயக்க மருந்து டாக்டர், அவர் எலும்பு சர்ஜன், ராத்திரி விபத்துக் கேஸ் வந்தால் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவரலாம் என்று 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தார்கள். உங்கள் மருத்துவமனையில் அது என்ன நிலையில் இருக்கிறது என்று எழுத்திலேயே கேள், தயங்காதே. ஆனால் காப்பகம் என்பது பெரும்பாலும் பகலுக்குத்தான் உதவும், நடுராத்திரி சிசேரியனுக்கு ஓடும்போது உதவாது. எனக்கும் அப்பாவின் டயாலிசிஸை விட்டுவிட்டு அங்கே வந்து மாதக்கணக்கில் இருக்க வழியில்லை. ஆக, வீட்டுக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும்.

ஏஜென்சிக்காரர் ஆதார் நகல், போட்டோ, போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் தருவதாகச் சொன்னார் என்றாய். வாங்கிக்கொள், எல்லாம் வேண்டியதுதான். நகல் மட்டும் போதும், அந்த அம்மாவின் அசல் ஆதாரை நீயும் வாங்கி வைக்காதே, ஏஜென்சி பிடித்து வைத்திருந்தால் அந்த ஏஜென்சியே வேண்டாம். ஆனால் இந்தக் காகிதம் எல்லாம் சேர்ந்து சொல்வது, அவள் சொன்ன பெயரும் ஊரும் சரி, அவள்மேல் வழக்கு எதுவும் இல்லை என்பதை மட்டும்தான். பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தால் அந்த நிமிஷமே உனக்குச் சொல்வாளா என்பதைச் சொல்லாது. நான் உன்னைப் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த வருஷங்களில் இதை நிறையப் பார்த்துவிட்டேன். குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டு சோர்ந்து கிடக்கும், தூக்கி வந்தவர்கள் ஒன்றுமே நடக்கவில்லை, திடீரென்று இப்படி ஆகிவிட்டது என்பார்கள். வயிற்றுக்கோளாறு என்று ஆரம்பித்து, அப்புறம் தலையில் வீக்கம் கண்ணில் பட்டு, ஸ்கேனுக்கு ஓடுவோம். கீழே விழுந்தான் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை நேரம் வீணாகியிருக்காது. மறைத்தவர்கள் பெரும்பாலும் நல்ல மனுஷிகள்தான் கவிதா. திட்டு விழும், வேலை போகும் என்ற பயம்தான் அவர்கள் வாயைக் கட்டிவிடும். அதனால் பயப்படாமல் சொல்லக்கூடிய ஆளைத் தேடு, அப்புறம் பயப்படாமல் சொல்லக்கூடிய வீடாக உன் வீட்டை வைத்துக்கொள். இரண்டாவது உங்கள் இரண்டு பேர் கையில் இருக்கிறது.

நேரில் பேசும்போது, குழந்தை பார்த்துப் பழக்கமா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறதா, அப்போது என்ன செய்தீர்கள், வீட்டுக்காரர்களிடம் எப்போது சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேள். கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. எனக்கு ஒரு நாளும் எதுவுமே நடந்ததில்லை என்கிறவரைவிட, "ஆமாம்மா, ஒரு தடவை கதவிடுக்கில் விரல் நசுங்கிருச்சு, உடனே போன் பண்ணினேன், அந்த அம்மா சத்தம் போட்டாங்க" என்று சொல்கிறவரை நான் எடுப்பேன். முன்னால் வேலை பார்த்த வீட்டு நம்பரை வாங்கிப் பேசு, சென்னையிலேயே என்றால் நேரில் போய்விடு. நல்லவரா என்று கேட்காமல், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்டுப் பார், இவர் சொன்னதும் அவர்கள் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். ஏன் நின்றுவிட்டார், திரும்ப வந்தால் வைத்துக்கொள்வீர்களா என்பதையும் கேள்.

வயதையும் பார்த்துக்கொள். வீட்டோடு தங்குகிற மாதிரி சின்னப் பெண்ணாக அனுப்புகிறோம், சம்பளமும் குறைவு என்று சில ஏஜென்சிகள் சொல்வார்கள். 14 வயதுக்குக் கீழ் இருக்கிறவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லிருந்தே சட்டப்படி குற்றம். சட்டம் என்ன சொன்னாலும், 18 நிரம்பாத பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டில் நிற்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

உடம்புப் பரிசோதனையை நீ மறக்கமாட்டாய், ஆனால் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுவாய். மார்பு எக்ஸ்ரே கட்டாயம் எடு. குட்டிக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருக்கிறது என்றாலும் கைக்குழந்தைக்கு டி.பி. தொற்றினால் மூளைக்குப் போகிற அளவுக்கு முற்றிவிடக்கூடும் என்பதை நீ படித்திருக்கிறாய், நான் வார்டில் பார்த்திருக்கிறேன். செலவு உன்னுடையது. "எங்களுக்கும் எடுக்கிறோம் அக்கா, நாங்கதான் நோயாளிகளோடேயே இருக்கோம்" என்று சொல்லி மூன்று பேரும் சேர்ந்து எடுங்கள், அவருக்கு மனசு கஷ்டப்படாது. ஒருவேளை ஏதாவது தெரிந்தால் கையை உதறிவிடாதே, அரசு மருத்துவமனையில் டி.பி.க்கு மாத்திரை இலவசம், கூட்டிப்போய்ப் பதிவு செய்து கொடு. கக்குவான் தடுப்பூசியும் அவருக்குப் போட்டுவிடு.

அடுத்தது உங்கள் வீட்டுக்கே உரிய ஒரு ஆபத்து. டாக்டர் வீட்டில் மருந்து எங்கே பார்த்தாலும் கிடக்கும். கம்பெனி ரெப் கொடுத்த சாம்பிள் சோபாவில், மாப்பிள்ளையின் பையில் வலி மாத்திரை, உன் கோட் பாக்கெட்டில் ஊசி மருந்து ஆம்பூல். இவன் இன்னும் இரண்டு மாதத்தில் தவழ்ந்துவிடுவான். பூட்டுகிற அலமாரி ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் போடு, சாவி உங்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. ராத்திரி பிள்ளை தூங்காமல் அழுதால் அரை மூடி சளி மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, பெற்றவர்களே செய்கிறார்கள். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில்தான் பாட்டிலிலேயே எழுதச் சொன்னார்கள். உங்களைக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்துகூட வாயில் போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு.

அதே மாதிரி வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர், நாக்கில் தேன், குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய், மூச்சுமுட்டச் சாம்பிராணி. வருகிறவர் நாலு பிள்ளை பெற்று வளர்த்த அம்மாவாக இருப்பார், அவர் இதையெல்லாம் பாசத்தில்தான் செய்வார். இது தப்பு என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லாதே. ஒரு வயது வரை தேனில் என்ன ஆபத்து என்று ஒரு தடவை உட்கார்ந்து சொல், புரிந்துகொள்வார். ஐந்து மாதப் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்துத் தூங்கப்பண்ணக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லு. தொண்டையில் ஏதாவது சிக்கினால் முதுகில் ஐந்து தட்டு, திருப்பி மார்பில் ஐந்து அழுத்து, இதை நீ பொம்மையை வைத்துக் காட்டிக்கொடு, அவரைச் செய்யவைத்துப் பார். ஆறு மாதத்தில் சோறு ஆரம்பிக்கப்போகிறாய், அதற்குள் இது அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இனி போன். இதைப் பற்றி நான் ரொம்ப யோசித்தேன். நீ ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கும்போது உன் போன் லாக்கரில் இருக்கும், மாப்பிள்ளை ஆபரேஷனுக்குக் கை கழுவி நின்றிருப்பார். ஆயாம்மா பத்துத் தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை என்றால், அடுத்த தடவை அடிக்கவே மாட்டார். அதனால் வரிசை வேண்டும்: முதலில் நீ, அப்புறம் மாப்பிள்ளை, அப்புறம் தியேட்டர் சிஸ்டர் மேஜை நம்பர், அப்புறம் எதிர் வீட்டு அம்மா, அப்புறம் நான். தியேட்டர் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவை, வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் கேஸ் நடுவிலும் உன் காதில் போட வேண்டும் என்று. மூச்சு விடச் சிரமப்பட்டால், வலிப்பு வந்தால், பேச்சுமூச்சில்லாமல் போனால் யாரையும் கேட்க வேண்டாம், நேரே 108. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம் என்றால் படம் ஒட்டி நம்பர் போடு.

ஒரு நோட்டு வை. நாங்கள் வார்டில் ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்பு எழுதுவோமே, அதுதான். எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு குடித்தான், எத்தனை தடவை சிறுநீர், எப்போது தூங்கினான், அழுதது, விழுந்தது எல்லாம். நீ எடுத்துவைக்கிற பாலுக்கும் தேதியும் மணியும் எழுதி ஒட்டிவிடு, ஃபிரிட்ஜில் நாலு நாள், வெளியே நாலு மணி நேரம் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு, சென்னை மே மாதத்துக்கு ஆகாது. நீ எவ்வளவு அலுத்து வந்தாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் அவரோடு ஐந்து நிமிஷம் நின்று அந்த நோட்டைப் பார்த்துப் பேசு. விழுந்தான் என்று எழுதியிருந்தால் முதலில் "சொன்னது நல்லது அக்கா" என்று சொல், அப்புறம் பிள்ளையைப் பார். மாப்பிள்ளைக்குத் தியேட்டரில் கத்துகிற பழக்கம் உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தக் குரல் வீட்டில் ஒரு தடவை எழும்பினால் அதற்கப்புறம் அந்த நோட்டில் உண்மை வராது, அவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்.

சம்பளத்தில் கை இறுக்காதே. ஏஜென்சிக்கு எவ்வளவு போகிறது, அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று அவரிடமே கேள். நீங்கள் 24 மணி நேர டியூட்டி பார்க்கிறீர்கள் என்பதற்காக அவரும் 24 மணி நேரம் முழித்திருக்க முடியாது. தூக்கமில்லாத கையில் பிள்ளையைக் கொடுக்கவே கூடாது, இது உனக்குத் தெரியாததா? பகலுக்கு ஒருவர், உங்கள் இரண்டு பேருக்கும் ராத்திரி டியூட்டி விழுகிற நாளுக்கு இன்னொருவர் என்று வைத்துக்கொள், செலவு கூடும், பரவாயில்லை, அந்த வகையில் நானும் தருகிறேன். வாரத்தில் ஒரு நாள் முழு லீவு. நீங்கள் ஊருக்கு வருகிற நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதே. தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம் என்று முதலிலேயே பேசிவிடு. தமிழ்நாட்டில் 2007-லிருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது, அவர் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, வயதானபின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பதிவு செய்யாமல் இருந்தால் ஒரு நாள் உட்கார்ந்து செய்து கொடு.

கேமரா வைப்பதாகச் சொன்னாய். ஹாலிலும் பிள்ளை தூங்குகிற அறையிலும் வை, அவரிடம் காட்டிவிட்டு வை. அவர் படுக்கிற, உடை மாற்றுகிற இடத்தில் கூடவே கூடாது. அப்புறம், வாசலில் டாக்டர் போர்டு இருப்பதால் தெரியாதவர்களெல்லாம் மணி அடிப்பார்கள். டாக்டர் இல்லை, மருத்துவமனைக்குப் போங்கள் என்று கம்பிக்கதவுக்கு உள்ளேயிருந்தே சொன்னால் போதும், திறக்க வேண்டாம்.

வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் ஆளைக் கொண்டுவராதே. குறைந்தது இரண்டு வாரம் நீயும் வீட்டில் இருக்கும்போதே வரட்டும். முதல் வாரம் நீ செய்வதை அவர் பார்க்கட்டும், இரண்டாவது வாரம் அவர் செய்வதை நீ பார். பிள்ளை விடாமல் அழும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது, கை எப்படி இருக்கிறது என்று கவனி. உன் மனசுக்கு ஒட்டவில்லை என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதே, இரண்டு வாரச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடு. லீவை இன்னும் கொஞ்சம் நீட்டலாம், சம்பளமில்லாமல் போனாலும் சரி.

இன்னொன்று, இது வரும்போது உனக்கு வலிக்கும். என்றைக்காவது நீ டியூட்டி முடிந்து வந்து கை நீட்டும்போது அவன் உன்னிடம் வராமல் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அப்போது அவரிடமிருந்து வெடுக்கென்று வாங்காதே, அதற்காக ஆளை மாற்றவும் யோசிக்காதே. அவன் அவரிடம் அப்படி ஒட்டியிருந்தால், நீ இல்லாத நேரத்தில் அவர் அவனை நன்றாகப் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். குளித்துவிட்டு வந்து பால் கொடு, வந்துவிடுவான்.

வியாழக்கிழமை வருகிறவரிடம் பேசிவிட்டு, அவர் சொன்ன பதில்களை எனக்கு அப்படியே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பு. பழைய வீட்டு நம்பர் கிடைத்தால் அதையும் அனுப்பு, நானும் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா