ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தாய்

பாஸ்டன்,
பிப்ரவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் பாட்டியும் தம்பியும் நலமா? நீ சொல்லச் சொல்லத் தம்பி எழுதிய கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. போனில் பேசினால் "நல்லா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறேன் என எழுதியிருந்தாய். அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். தப்புதான் அம்மா. பொங்கலன்றுகூட நூலகத்தில் எனக்கு வேலை நேரம். முடித்துவிட்டு வரும்போது அங்கே நடுராத்திரி தாண்டியிருந்தது, அதனால்தான் கூப்பிடவில்லை.

ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறாய், உண்மையைச் சொல் என்று கேட்டிருந்தாய். முக்கால்வாசி நாள் மல்லாட்டைதான், கடையில் நிலக்கடலை என்பார்களே, அதுதான். வறுத்த மல்லாட்டையை வெண்ணெய்போல வரும்வரை அரைத்து, ரொட்டியில் தடவி, மேலே பழ ஜெல்லி வைத்து மூடிச் சாப்பிடுவது இங்கே பழக்கம். பீனட் பட்டர் அண்ட் ஜெல்லி என்பார்கள். ஜெல்லி என்றதும் கல்யாணப் பந்தியில் கிண்ணத்தில் ஆடுமே, அதை நினைக்காதே. பழச்சாற்றை வடிகட்டிச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி உறைய வைப்பது. சக்கை இருந்தால் அது ஜாம். இங்கே அதிகம் திராட்சை ஜெல்லிதான். இங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் கான்கார்டு என்று ஓர் ஊர். 1849ல் எப்ரெய்ம் புல் என்பவர் அங்கே வளர்த்தெடுத்த கறுப்புத் திராட்சை அது. விரலால் அழுத்தினால் தோல் தனியாக வழுக்கி வந்துவிடும். வாசனை அறை முழுக்க நிற்கும்.

இந்த ரொட்டியைச் சரியாகச் செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டுத் தாத்தா. எண்பதைத் தாண்டியவர், தனியாள். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றமாட்டார். பனி கொட்டிய மறுநாள் விடியும் முன்பே எழுந்து தன் வாசலோடு எங்கள் வாசலையும் சேர்த்து வாரித் தள்ளிவிடுவார். நன்றி சொன்னால் பதில் வராது. ஆனால் ஒருநாள் நான் படியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "நீ செய்திருப்பது தப்பு" என்றார். அதுதான் எங்களுக்குள் முதல் பேச்சு.

ஒரு துண்டில் கடலை விழுதும் மறு துண்டில் ஜெல்லியும் தடவி மூடினால், மதியம் டப்பாவைத் திறக்கும்போது ஜெல்லி பக்கத்து ரொட்டி ஊறிக் கூழாகியிருக்கும். இரண்டு துண்டிலுமே ஓரம்வரை விழுதைத் தடவ வேண்டும். அதன் எண்ணெய் ஈரத்தை உள்ளே இறங்க விடாது. நடுவில் ஒரே ஒரு கரண்டி ஜெல்லி. ரொட்டியின் உள்பக்கத்தை மட்டும் லேசாக வாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. கடிக்கும்போது வெளியே மெத்தென்றும் உள்ளே மொறுமொறுப்பாகவும் இருக்கும். ஜெல்லியைக் கூட்டினால் வெறும் தித்திப்புதான் நிற்கும், கடலை ருசி போய்விடும். இது அவர் சொன்னது, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இந்தப் பண்டம் முதன்முதலில் அச்சில் வந்ததே இந்த ஊர்ப் பத்திரிகையில்தானாம். 1901ல் ஜூலியா டேவிஸ் சாண்ட்லர் என்ற அம்மா பாஸ்டன் சமையல் பள்ளிப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். பிறகு 1928ல் மிசௌரி மாநிலத்தில் ரொட்டியைத் துண்டு போட்டே விற்க ஆரம்பித்ததும், பிள்ளைகளே செய்துகொள்ளும் சாப்பாடு ஆகிவிட்டது.

கடையில் விற்கும் விழுதில் 90 சதவீதமாவது கடலை இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். மீதி சர்க்கரை, உப்பு, எண்ணெய். எனக்கு அது பிடிக்கவில்லை. பச்சைக் கடலை வாங்கி வந்து நானே வறுத்தேன். தோலை ஊதிவிட்டு, அறைத்தோழனின் மிக்ஸியில் உப்பு மட்டும் போட்டு அரைத்தேன். முதலில் மாவாகும், அப்புறம் உருண்டையாகத் திரண்டுகொள்ளும். அங்கே பயந்து தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. மூடியைத் திறந்து வழித்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கடலை தானே எண்ணெய் விட்டு இளகி வரும். தாத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, ஒரு ஆப்பிளை வைத்துத் திருப்பித் தந்தார்.

ஒன்று சொன்னால் நம்பமாட்டாய். நம் மல்லாட்டை இங்கே சிலருக்கு விஷம். ஒவ்வாமை இருந்தால் ஒரு துளி வாய்க்குள் போனாலும் தொண்டை வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். நூலகத்தில் என்னோடு இருக்கும் பெண்ணுக்கு அப்படி. அதனால் சாப்பிட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நான் எதையும் தொடுவதில்லை.

குளிரைப் பற்றிக் கவலைப்படாதே. இரண்டு சட்டை போட்டு, கம்பளிக்குள் படுத்தால் ஹீட்டரே தேவைப்படுவதில்லை. கல்லூரிக்கு நடந்தே போகிறேன், அது உடம்புக்கும் நல்லது.

அன்றைக்குக் கடலை வறுபட்ட வாசனை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். நம் கொல்லையில் பிடுங்கிப் போட்ட செடிக் குவியலும், அதன் நிழலில் நீ காய் ஆய்வதும், மண் ஒட்டிய கையோடு அப்பா தண்ணீர் கேட்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. சாயங்காலம் உப்புப் போட்டு அவித்து முறத்தில் கொட்டுவாயே, ஆவி பறக்க. இந்த வருஷம் பங்குனியில் பிடுங்கும்போது நான் இருக்கமாட்டேன் அம்மா.

சரி, அதை விடு. செடி பூவெடுத்துவிட்டதா? 45 நாளுக்குள் ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிடச் சொல். ஏக்கருக்கு 160 கிலோ. போன வருஷம் ஆள் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டுத்தான் பாதிக் காய் பொக்காகப் போனது. காட்டுப்பன்றிக்கு அப்பா ராத்திரி தனியாகக் காவலுக்குப் போக வேண்டாம், சித்தப்பாவும் கூடப் போகட்டும். பிடுங்கியதும் வியாபாரி களத்துக்கே வந்து கேட்பான், கொடுத்துவிடாதீர்கள். காயவைத்து அரசு விற்பனைக்கூடக் கமிட்டிக்கு ஏற்றுங்கள்.

உன் வளையலை மீட்கத் தைமாதமே பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். சித்திரைக்குள் அனுப்பிவிடுகிறேன். இங்கே என்னைப்போல வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதனால் கொஞ்சம் முன்பின் ஆகிறது, வேறொன்றுமில்லை. அதுவரை வட்டியை மட்டும் கட்டிவிடச் சொல். பேங்கிலிருந்து தபால் வந்தால் அப்பாவிடம் காட்டாதே. தம்பியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். அவன் பரீட்சைக் கட்டணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாட்டிக்குப் பல் போனதிலிருந்து மல்லாட்டை தின்ன முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பாளே. மேலே சொன்ன மாதிரி அரைத்து, கொஞ்சம் வெல்லத் தூள் கலந்து கொடு. நன்றாக மைய அரைக்க வேண்டும். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் வெந்நீர் வை.

அன்பு மகன்,
பெரியவன்