தியானத்தில் மனம் ஓடினால் தவறா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தியானம் பற்றிய குறிப்புகளில் 'எண்ணமே இல்லாமல் மனதை வெறுமையாக்குங்கள்' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. புதிதாக உட்காருபவர்களை மூன்றாம் நாளே எழுப்பிவிடுவது இந்த வரிதான். மனம் ஓடத்தான் செய்யும். ஓடியதைக் கண்டுகொண்டு, சலித்துக்கொள்ளாமல் திரும்பக் கூட்டி வருவதற்குப் பெயர்தான் பயிற்சி. பத்து நிமிடத்தில் முப்பது முறை ஓடி, முப்பது முறை திரும்பினால் அன்று நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

சம்மணம் கட்டாயமில்லை. நாற்காலியில் பாதம் இரண்டும் தரையில் பதிய, முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தால் போதும். கண்ணை மூடினால் தூக்கம் வருகிறதா, பாதி திறந்து தரையைப் பாருங்கள். மூச்சு உடம்பில் எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று முதலில் தேட வேண்டும். சிலருக்கு மூக்கு நுனி: உள்ளே போகையில் சில்லென்றும் வெளியே வருகையில் லேசான வெதுவெதுப்பாகவும் இருக்கும். சிலருக்கு அடிவயிறு. ஓரிடத்தைப் பிடித்தால் அன்று அதிலேயே இருங்கள். வெளிமூச்சுக்கு ஓர் எண் வீதம் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பதினாறு, பதினேழு என்று போய்க்கொண்டிருந்தால் எண்ணுவது பழக்க தோஷம், மனம் வேறெங்கோ. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் எண்ணிக்கையே.

மூச்சை வேண்டுமென்றே ஆழமாக இழுக்காதீர்கள். அது பிராணாயாமம், வேறு கலை. விடாமல் இழுத்து விட்டால் தலை கிறுகிறுக்கும்.

கோபத்தை அடக்கும் கருவியாகத் தியானத்தை எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். கோபம் வரும்போது செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, மனதுக்குள் பெயர் சொல்வது: 'கோபம் வந்திருக்கிறது.' (தமிழில் நாம் கோபமாக 'இருப்பதை' விட நமக்குக் கோபம் 'வருவது'தான் அதிகம், வந்தது போகும் என்பது மொழிக்கே தெரிந்திருக்கிறது.) இரண்டு, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது: இறுகிய தாடை, சூடேறிய காது, படபடக்கும் நெஞ்சு. நாலைந்து மூச்சு அங்கேயே கவனம் இருக்கட்டும். பதில் பேசுவது அதற்குப் பிறகு. பெரிய சண்டையில் இதை முதன்முதலாக முயன்றால் பலிக்காது. வரிசையில் நிற்கும் எரிச்சல் போன்ற சின்ன விஷயங்களில் பழக வேண்டும்.

கவனச் சிதறலுக்கும் இதே வழிதான். வேலை நடுவே கை செல்பேசிக்குப் போகும் அந்த அரிப்பைக் கவனித்து, மூன்று மூச்சு கழித்து எடுங்கள். பல சமயம் எடுக்கவே தோன்றாது.

1979இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய, மன அழுத்தத்தைக் குறைப்பதற்கான தியானப் பயிற்சி 8 வாரத் திட்டம். வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரம் கேட்பது. தொடங்குபவருக்கு அவ்வளவு வேண்டாம். தினம் பத்து நிமிடம், வாரம் ஒருநாள் ஒரு மணி நேரத்தைவிட மேல்.

ஒரு வேண்டுகோள். இத்தகைய குறிப்புகளோடு ஓர் எச்சரிக்கையும் அச்சிடுங்கள். கடுமையான அதிர்ச்சியை அனுபவித்தவர்களுக்கும் திடீர்ப் பீதி வருபவர்களுக்கும் கண்மூடி மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டக்கூடும். அவர்கள் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படும் உணர்வையோ வெளியே கேட்கும் ஒலியையோ பற்றிக்கொள்ளலாம். அப்போதும் அடங்காவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து எடுப்பவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

இப்படிக்கு,
தியானப் பயிற்சி அளிக்கும் வாசகர்கள்