பதினொன்றே காலுக்கு வந்த சாம்பாருக்கு நன்றி

எழும்பூர் புத்த விகாரையில் போன ஞாயிறு எங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவாக, பிக்குகளுக்கு உணவளித்த தானத்துக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் பாத்திரத்தை மட்டும் அனுப்பியவர்களுக்கும் வணக்கம்.

பாதிப் பேருக்கு நடந்தது தெரியாது. பிக்குகள் உச்சிப்பொழுதுக்கு முன்பே சாப்பிட்டு முடித்தாக வேண்டும். அப்புறம் மறுநாள் விடியும்வரை உணவு கிடையாது. பத்தேகாலுக்குச் சமையல்காரர் போன் செய்தார். சுரங்கப்பாதையில் தண்ணீராம், வண்டி நகரவில்லையாம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஐப்பசி மழையில் பெரம்பூரில் சமைத்து எடுத்துவரலாம் என்று முடிவு செய்த புத்திசாலி நான்தான்.

வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டேன். புரசைவாக்கம் அத்தை, தன் வீட்டுக்கு வடித்த சோற்றைக் குண்டானோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பக்கத்துத் தெரு மெஸ் அண்ணன் தூக்கு நிறைய சாம்பார் கொடுத்து, "கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். இன்றுவரை கணக்கு சொல்லவில்லை. விடுதிப் பிள்ளைகள் நான்கு பேர் குடைக்குள் தயிரும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள்.

மேசையில் ஏழெட்டு வீட்டுப் பாத்திரங்கள். ஒன்றின் மூடி இன்னொன்றின் மேல். கையால் கொடுக்காத உணவைப் பிக்குகள் எடுக்க மாட்டார்கள் என்பதால், எல்லோரும் சேர்ந்து மேசையையே தூக்கிக் கொடுப்பது வழக்கம். ஆட்டோ தம்பி வாசலோடு நின்றுவிட்டார். "நான் சவாரிக்கு வந்தவன்ணா." பந்தே என்று நாங்கள் அழைக்கும் பிக்கு கையசைத்துக் கூப்பிட்டதும், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

மணிமேகலையின் பாத்திரத்தில் முதல் பிச்சையிட்ட ஆதிரையின் கதையை அம்மா சோறு வடிக்கும்போது சொல்வார். எனக்கு அது பழங்கதையாகத்தான் இருந்தது. புண்ணியத்தை அம்மாவுக்குச் சேர்ப்பிக்க, கிண்ணம் நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்றியபோது என் கைமேல் ஏழெட்டுக் கைகள். அதில் ஒன்றில் சாம்பார் வாசம்.

அத்தைக்கு நன்றி சொல்லப் போய்த் திட்டு வாங்கினேன். "விகாரையில கொடுக்கிறவங்கதானே கும்பிடறாங்க? எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தியே, நான்தான் சொல்லணும்." சரி அத்தை, இருவரும் சொல்லிக்கொள்வோம்.

ஒரு மணிக்கு வந்து சேர்ந்த எங்கள் வண்டிச் சாப்பாட்டை, மழைக்கு ஒதுங்கியவர்கள் சாப்பிட்டார்கள்.

எவர்சில்வர் தூக்கு ஒன்று, மூடிகள் இரண்டு என் வீட்டில் இருக்கின்றன. பெயர் வெட்டவில்லை. உரியவர்கள் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். வெறும் பாத்திரமாகத் தர மாட்டேன்.